கல்சோய் தீவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம்

குகைக்குள் பாதித் தூரம் போயிருப்போம். எதிரே இரண்டு விளக்குகள் தெரிந்தன.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நான், இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதித்தேன். ஒரே ஒரு கார் போகிற அகலம்தான் பாதை. இரண்டு பக்கமும் கரும்பாறை. கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மேலேயிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பேருக்குக்கூட ஒரு பல்பு கிடையாது. காருக்குள்ளே ஈரக் கம்பளி வாசனை.

"என்னங்க, எதுக்க வண்டி வருதுங்க. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க" என்றாள் பின்சீட்டிலிருந்த என் மனைவி இந்திரா.

"அவனுக்குக் கண்ணு இருக்கு. பேசாம வா."

சொல்லிவிட்டேனே தவிர, என் கால் அந்த இல்லாத பிரேக்கைவிட்டு எழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் பெயர் யோகன். பின்சீட்டில் அம்மாவோடு இருந்த எங்கள் மகள் கோமதி கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன். அவனை நேரில் பார்த்துச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லத்தான் காரைக்குடியிலிருந்து அத்தனை தூரம் வந்திருந்தோம்.

எதிர் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவை அங்கேயே இருக்கட்டும். முதலில் நான் எப்படி அந்தக் குகைக்குள் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன்

இந்தத் தொடரை முதல்முறையாகப் புரட்டுகிறவர்களுக்காக: நான் காரைக்குடியில் டவுன்பஸ் ஓட்டியவன். கோட்டையூர், நேமத்தான்பட்டி, கண்டரமாணிக்கம் என்று என் சர்வீஸ் முழுக்க அந்த வட்டாரத்துக்குள்ளேயே ஓடிவிட்டது. அப்பாவும் அண்ணன்மாரும் மரவேலை பார்த்தவர்கள். எனக்கு மட்டும் உளியைவிட ஸ்டியரிங்தான் கைக்கு வந்தது.

கோமதி எங்களுக்கு ஒரே பெண். கால்நடை மருத்துவம் படித்தாள். ஆடு மாடு பார்ப்பாள் என்று நினைத்தால், மேல்படிப்பில் மீனுக்கு மாறிக்கொண்டாள். மீனுக்கும் டாக்டர் உண்டா என்று கேட்டு என் சேக்காளிகள் சிரித்தார்கள். எங்களுக்கெல்லாம் மீனுக்கு மிளகாய்த்தூள் தடவத்தான் தெரியும், ஊசி போடத் தெரியாது. ஃபாரோ தீவுகளில், கடலில் வளையம் கட்டி மீன் வளர்க்கிற ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அவள் போய் மூன்று வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"என்ன வேலை பாக்கிறாரு?"

"மீன் வளையத்துக்குப் போற படகை ஓட்டுறாருப்பா."

அந்த நேரத்திலும் 'ஓட்டுகிறவன்' என்ற சொல் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. என் பயம் வேறு. சாதி, சனம் என்று பேசச் சொந்தத்தில் ஆட்கள் இருந்தார்கள், பேசினார்கள். எனக்குத் தூரம்தான் பயம். நேமத்தான்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தால், கடைசி டிரிப் முடிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். அங்கே ஒரு காய்ச்சல், ஒரு மனஸ்தாபம் என்றால் யார் ஓடுவது?

"வேண்டாம்மா" என்றேன்.

"வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேண்டாம்னா காரணத்தைச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். பாக்காமலே வேண்டாம்னு சொன்னீகன்னா நான் விடமாட்டேன். வாராவாரம் இதே நேரத்துக்குக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

அப்படியே கேட்டாள். எட்டு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கறி ருசிக்கவில்லை. ஒன்பதாவது ஞாயிறு டிக்கெட் வந்துவிட்டது.

ஆடுகளின் நாடு

அட்லாண்டிக் கடலில் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கிடக்கின்றன இந்தப் பதினெட்டுத் தீவுகள். டென்மார்க் ராஜ்ஜியத்தைச் சேர்ந்தவை என்றாலும், சொந்தமாக நாடாளுமன்றம், சொந்தக் கொடி, சொந்த மொழி எல்லாம் உண்டு. எல்லாத் தீவையும் சேர்த்தாலும் காரைக்குடி அளவுக்கு ஜனம் கிடையாது. பெயருக்கு 'ஆட்டுத் தீவுகள்' என்று அர்த்தமாம். அது பொய்யில்லை. விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது, மனுசனுக்கு முன்னால் ஆடுதான் கண்ணில் பட்டது. சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற மலையில், கால் வைக்க இடமில்லாத சரிவில், வெள்ளை வெள்ளையாக மேய்ந்துகொண்டிருந்தன.

மரம் என்று ஒன்றைக் காணோம். காற்றும் ஆடும் விட்டு வைப்பதில்லை என்றாள் கோமதி. எங்கு பார்த்தாலும் புல். சில வீடுகளின் கூரைமேலும் புல்.

"இதை யாரு அறுக்கிறது?" என்று கேட்டாள் இந்திரா. அவளுக்கு அதுதான் கவலை.

விமான நிலைய வாசலில் கோமதியோடு ஒரு நெட்டையன் நின்றிருந்தான். மழைக்கோட்டு, செம்பட்டைத் தாடி. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, மனப்பாடம் பண்ணின பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னான்:

"வாங்க வாங்க. நல்லா இருக்கீகளா? எப்ப வந்தீக?"

எங்களைக் கூட்டிப்போக வந்தவனே எப்ப வந்தீக என்று கேட்டதும் இந்திராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே அவள் கட்சி மாறிவிட்டாள். அவன் பெயரை எழுதினால் ஒரு மாதிரி, சொன்னால் ஒரு மாதிரி. யெக்வன் என்பதுபோலக் காதில் விழும். எங்கள் வசதிக்கு யோகன் என்று வைத்துக்கொண்டோம். அவனும் திரும்பிப் பார்த்தான்.

கடலுக்கு அடியில் ஒரு ரவுண்டானா

அப்பா டிரைவர் என்று கோமதி சொல்லி வைத்திருந்தாள். அதனால் கொஞ்சம் சுற்று என்றாலும் ஒரு பாதை வழியாகக் கூட்டிப்போனான். கடலுக்கு அடியில் குடைந்த சாலை. இறங்கிக்கொண்டே போனது. அடியாழத்தில், நம்பினால் நம்புங்கள், ஒரு ரவுண்டானா! நடுவில் பெரிய பாறைத்தூண், அதற்கு நீலமும் பச்சையுமாக விளக்கு. தூணைச் சுற்றி, கைகோத்து நிற்கிற ஆட்களின் உருவங்கள்.

"இன்னொரு சுத்து போகச் சொல்லு" என்றேன் கோமதியிடம். மூன்று சுற்று போனான். எங்கள் தலைக்கு மேலே கப்பல் போய்க்கொண்டிருக்கும் என்ற நினைப்பே கிறுகிறுப்பாக இருந்தது.

அந்த உருவங்கள் ஆடுகிற ஆட்டம் இவர்களுடைய பழைய ஆட்டம். மேளம் கிடையாது, தாளம் கிடையாது. கைகோத்து, காலைத் தட்டி, வட்டமாக நகர்ந்துகொண்டே நூற்றுக்கணக்கான அடிகள் உள்ள கதைப்பாட்டைப் பாடுவார்களாம். ஒரு காலத்தில் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் டேனிஷ் மொழிதான். இவர்கள் மொழி எழுத்தில் இல்லாமல் வெகுகாலம் கிடந்ததாம். அத்தனை நாளும் இந்த ஆட்டப்பாட்டுகளின் வாயில்தான் அது உயிரோடு இருந்தது என்று யோகன் சொன்னான்.

"நம்ம கும்மி மாதிரி. என்ன, நாம கையத் தட்டுவோம், இவுக காலத் தட்டுறாக" என்றாள் இந்திரா.

கல்லும் ஊரும்

கோமதி இருந்தது கிளாக்ஸ்விக் என்கிற துறைமுக ஊரில். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் யோகனின் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். அவர் இருப்பது கல்சோய் தீவில். பெயரிலேயே கல் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. கிராமத்தின் பெயர் மிக்லதாலூர். கோட்டையூர் மாதிரி அதற்கும் ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. தீவு முழுவதுமே நூறு பேர் தேறாது. காலையில் என் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த கூட்டம் அதைவிட அதிகம்.

காரோடு ஒரு சின்னக் கப்பலில் ஏறி இறங்கினோம். கல்சோய், வாழைக்காய் மாதிரி நீண்டு ஒல்லியான தீவு. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளத்தாக்குகள், அதில் ஒட்டிக்கொண்ட கிராமங்கள். மலையைக் குடைந்து வரிசையாகக் குகைப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். அதனால் இதற்குப் புல்லாங்குழல் என்று பட்டப்பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் குடைந்தார்களாம். அதற்கு முன்னால் பக்கத்து ஊருக்கு மலையேறி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு.

குகைக்குள் ஒரு வண்டிதான் போகலாம். இடையிடையே ஒரு பக்கத்தில் மட்டும் பாறையைக் குடைந்து ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. ஆக, நாங்கள் போகலாம். எதிரே வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும்.

கண்மாய்க்கரையில் ஒரு வீம்பு

இந்த இடத்தில் என் பழைய கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

இளவட்டமாக இருந்தபோது, கண்டரமாணிக்கம் போகிற வழியில் ஒரு கண்மாய்க்கரை ரோட்டில் என் பஸ்ஸுக்கு எதிரே செங்கல் லாரி ஒன்று வந்துவிட்டது. நான் பாதிக்கு மேல் வந்தாயிற்று, அவன்தான் பின்னால் போக வேண்டும் என்பது என் வாதம். லோடு வண்டி, பின்னால் எடுக்க முடியாது என்பது அவன் வாதம். இரண்டு பேரும் இஞ்சினை அணைத்தோம். நான் பேப்பர் படித்தேன். அவன் பீடி பற்ற வைத்தான்.

பஸ்ஸுக்குள் ஒரு கல்யாணக் கோஷ்டி இருந்தது. மாப்பிள்ளையே இருந்தான், பாவம். "அண்ணே, முகூர்த்தம் போயிரும்ணே" என்று கெஞ்சினான். நான் அசையவில்லை. கடைசியில் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் கரை வழியே நடந்தே போனான். பின்னாலேயே தாம்பாளத்தோடு பொம்பளைகள். போகிற போக்கில் ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

விதிப்படி நான் செய்தது சரிதான். அதற்காக எனக்கு மெமோகூட வரவில்லை. ஆனாலும் அந்த மாப்பிள்ளையின் முதுகு ரொம்ப நாள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுபடியும் குகைக்குள்

இப்போது அந்த விளக்குகளுக்கு வருவோம்.

எதிரே வந்த கார் ஒதுங்கும் இடத்தைத் தாண்டி வந்து, எங்கள் முகத்துக்கு முகமாக நின்றுவிட்டது. வாடகைக் கார். தீவின் வடகோடியில் இருக்கிற கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் குகைகளில் மிரண்டுபோவது சகஜமாம். பின்னால் எடுக்கப் பார்த்தார்கள். வண்டி கோணலாகப் போய், கண்ணாடி பாறையில் உரசிக் கிரீச்சென்றது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

நானாக இருந்தால் ஹாரனில் கையை வைத்து எடுத்திருக்க மாட்டேன். யோகன் முதலில் விளக்கைத் தணித்தான். அப்புறம் இறங்கி, கைவிளக்கோடு நடந்து போனான். குனிந்து ஏதோ பேசினான். ஓட்டி வந்தது எழுபதை நெருங்குகிற ஒரு அம்மா. ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காமலே அவர் தலையாட்டுவது விளக்கு வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது.

திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தான். கோமதியிடம் இரண்டு வார்த்தை சொன்னான்.

"அவுகளுக்கு இதுதான் முதல் தடவையாம். நாமளே பின்னாடி போயிரலாம்னு சொல்றாரு" என்றாள் கோமதி.

அவன் கையை என் சீட்டின் மேல் போட்டு, கழுத்தைத் திருப்பி, அந்தக் கும்மிருட்டில் வண்டியைப் பின்னால் எடுத்தான். எவ்வளவு தூரம் என்கிறீர்கள்! எங்கள் பஸ் ஸ்டாண்டை இரண்டு தடவை கடக்கிற தூரம் இருக்கும். பாறை இரண்டு பக்கமும் ஒரு சாண். ஒரு இடத்தில்கூட உரசவில்லை, ஒரு முறைகூட உதட்டைச் சுழிக்கவில்லை. நாங்கள் முன்பே தாண்டி வந்திருந்த ஒதுங்குமிடம் வந்ததும் மறுபக்கமாக நுழைந்து நின்றான்.

அந்தக் கார் மெதுவாக எங்களைத் தாண்டியது. கண்ணாடியை இறக்கிய அந்த அம்மா கையை ஆட்டினார். யோகன் ஏதோ சொன்னான்.

"என்ன சொன்னான்?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச தூரத்துல வெளிச்சம் வந்துரும், நிதானமாப் போங்கன்னாருப்பா."

என் வலது கால் மிதிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

மாரியம்மாவின் கறி

யோகனின் அம்மா பெயர் மாரின். இந்திரா ஐந்தே நிமிஷத்தில் அவரை மாரியம்மா ஆக்கிவிட்டாள். சிரிக்காத முகம், காய்த்துப்போன கை. வீட்டு ஜன்னலில் கடல் தெரிந்தது. கரையில் பாறைமேல் ஒரு பெண்ணின் சிலை. சீல் என்கிற கடல்நாயாக இருந்து பெண்ணாக மாறியவளாம். ஒருவன் அவளுடைய தோலைத் திருடிப் பெட்டியில் பூட்டி வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டானாம். பிள்ளைகள் பிறந்த பிறகும், சாவி கிடைத்த அன்றைக்கே தோலை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாளாம்.

"பூட்டி வச்சா யாரு நிப்பா? கேட்டு வச்சிருந்தா இருந்திருப்பா" என்று தீர்ப்புச் சொன்னாள் இந்திரா.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு, புளிப்புத் தண்டில் செய்த ஜாம், நடுநாயகமாக ஒரு பெரிய ஆட்டுத்தொடை. கொல்லையில் பலகைக்குப் பலகை சந்து விட்டுக் கட்டிய கொட்டகையில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, கடல்காற்றிலேயே உலர்த்தியது. உப்புக்கூடப் போடுவதில்லை. வேக வைப்பதும் இல்லை. சீவிச் சீவி அப்படியே தின்ன வேண்டியதுதான். அந்த வாசனையை எப்படிச் சொல்வது? என் மூக்கு எழுந்து வெளியே போகப் பார்த்தது.

இந்திரா ஒரு துண்டை முகர்ந்தாள். கண் விரிந்தது.

"ஏங்க, இது நம்ம உப்புக்கண்டங்க! இவுக பச்சையாத் திங்கிறாக!"

அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. வாணலியைக் கேட்டு வாங்கினாள். கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலம் வந்தது. வெங்காயத்தை அரிந்து போட்டு வதக்கினாள். மாரியம்மா கதவோரம் நின்று, தன் தாலியை யாரோ அடகுக்குக் கொண்டுபோவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் வைத்தார். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, இரண்டு தம்ளர் தண்ணீர் போனது. அவர் தட்டை இன்னொரு தடவை நீட்டினார்.

"சம்பந்தியம்மாவுக்குப் பிடிச்சிருச்சு!" என்று கத்திவிட்டாள் இந்திரா. அப்புறம் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லையே!

அவர் கேட்ட கேள்வி

காபி வந்தது. மாரியம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தார். நேராக என்னிடம் பேச ஆரம்பித்தார். கோமதி மொழிபெயர்த்தாள். போகப் போக அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

அவருக்கு யோகனுக்கு மூத்த பெண்கள் இரண்டு பேர். இருவரும் கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போனார்கள். திரும்பவில்லை. இந்தத் தீவில் பாதி வீட்டுக் கதை இதுதான். பெண்கள் படிக்கப் போகிறார்கள், அங்கேயே தங்கிவிடுகிறார்கள். மிஞ்சியது இவன் ஒருவன்.

"உங்க மக நல்ல பொண்ணு. ஆனா நாளைக்கு ஊருக்குப் போகணும்னு அவ சொன்னா, என் மகனும் பின்னாடியே போயிருவான். நீங்க அவங்களைக் கூப்பிட மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுக்க முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாக நான் அந்தப் பையனை எடை போட்டுக்கொண்டிருந்தேன். என் மகளை எடை போட இங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவே இல்லை. என் பயம் எதுவோ அதே பயம்தான், மேசைக்கு அந்தப் பக்கம், கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"முடியாதும்மா" என்றேன். "நான் கூப்பிடுவேன். பொங்கலுக்குக் கூப்பிடுவேன். காய்ச்சல்னா கூப்பிடுவேன். சும்மா ஒரு ஞாயித்துக்கிழமை நினைப்பு வந்தாலும் கூப்பிடுவேன். நீங்களும் கூப்பிடுங்க. எங்குட்டுப் போறதுன்னு அதுக ரெண்டும் பேசி முடிவு பண்ணிக்கிறட்டும்."

கோமதி சொல்லி முடிக்கிற வரை மாரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். வந்ததிலிருந்து முதல்முறையாக, லேசாகச் சிரித்தார்.

"மார்கழியில இவுகள நம்ம ஊருக்கு வரச் சொல்லுடி. வெயில் தெரியாது" என்றாள் இந்திரா.

திரும்பும் வழி

மறுநாள் காலையில் ஊரே மலைக்குப் போய் ஆடுகளை ஓட்டி வந்தது, ரோமம் வெட்ட. யோகனுக்கு அந்த வேலை இருந்ததால் எங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோய்விட கோமதி சாவியை எடுத்தாள்.

"நீயா ஓட்டப்போற?"

"ஏறுங்கப்பா."

அவள் வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவன், என் பிள்ளையை ஸ்டியரிங்கைத் தொடவும் விட்டதில்லை. பன்னிரண்டாவது முடித்த லீவில் ஆசையாகக் கேட்டாள். உனக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டேன். யோகன்தான் சொல்லிக்கொடுத்தானாம், இதே குகைகளில். இரண்டு தடவை பாறையில் இடித்தாளாம். "கத்தினானா?" என்று கேட்டேன். "இல்லப்பா, கதவுக்குப் பெயின்ட் அடிக்கத்தான் கத்துக்குடுத்தாரு" என்று சிரித்தாள்.

இரண்டாவது குகைக்குள் எதிரே விளக்கு தெரிந்தது. இப்போது ஒதுங்குமிடம் எங்கள் பக்கம். நான் சொல்வதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள், நறுக்கென்று உள்ளே ஒதுங்கினாள், விளக்கைத் தணித்தாள். மூன்று கார்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள்.

மறுபடி இருட்டு. அவள் வண்டியை எடுக்கவில்லை.

"அப்பா, நாளைக்கு ஃபிளைட்டு. ஏதாச்சும் சொல்லப் போறீகளா இல்லையா?"

பின்சீட்டிலிருந்து இந்திரா என் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"தை மாசம் வச்சா, அந்தப் பையனுக்கு லீவு கிடைக்குமா?" என்றேன்.

கோமதி கிளச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. இந்திரா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. கோமதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தூரத்தில் இன்னொரு விளக்கு வந்தது.

"நியூட்ரலுக்குக் கொண்டா. கிளச்சை முழுசா மிதி. இப்பச் சாவியைத் திருப்பு" என்றேன்.

என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் டிரைவிங் பாடம் அது.